அக்ரிமென்ட் முடியும் முன்பே 'காலி பண்ணுங்க' என்றால்: வாடகைக்கு இருப்பவர்கள் செய்ய வேண்டியவை

ஒப்பந்தம் முடிய இன்னும் பல மாதம் இருக்கும்போது, "மாசக் கடைசிக்குள்ள காலி பண்ணிடுங்க தம்பி" என்று ஓனர் சொன்னால் முதலில் வருவது பயம்தான். பிள்ளைகளின் பள்ளி, அலுவலகத் தூரம், அடுத்த வீட்டுக்கான அட்வான்ஸ் எல்லாம் ஒரே நேரத்தில் மண்டைக்குள் ஓடும். வேளச்சேரியில் ஒரு மாடி வீட்டில் இருந்தபோது எங்களுக்கும் இது நடந்தது. எதிர் வீட்டுக்கு எங்களைவிட அதிக வாடகை கிடைக்கிறது என்று தெரிந்ததும் ஓனர் வாடகையை ஏற்றச் சொன்னார். ஒப்பந்தத்தில் அப்படி இல்லையே என்றோம். அடுத்த வாரமே காலி பண்ணச் சொல்லிவிட்டார்.

யாரைக் கேட்டாலும் இரண்டில் ஒரு பதில்தான் வந்தது. "அவங்க வீடு, போகச் சொன்னா போக வேண்டியதுதான்" என்றார்கள் சிலர். "நீ பாட்டுக்கு உட்காரு, வாடகையே தராதே, என்ன பண்ணிடுவாங்க" என்றார்கள் வேறு சிலர். இரண்டுமே தவறு. இரண்டாவது சொன்னபடி நடந்தால், நியாயம் உங்கள் பக்கம் இருந்தும் வழக்கில் தோற்பீர்கள்.

தமிழ்நாட்டில் நகர்ப்புறங்களில் வீடு வாடகைக்கு எடுத்திருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். இதற்கான சட்டம் 2017-இல் இயற்றப்பட்ட தமிழ்நாடு நில உரிமையாளர்கள் மற்றும் குத்தகைதாரர்களின் உரிமைகள், பொறுப்புகளை முறைப்படுத்தும் சட்டம். 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் இருக்கிறது. பெயர் நீளம், ஆனால் நமக்கு வேண்டிய பிரிவுகள் சிலவே. அரசுக் குடியிருப்பு, கோயில் சொத்து, கம்பெனி கொடுத்த வீடு போன்றவற்றுக்கு விதிகள் வேறு. அவற்றை நான் இங்கே தொடவில்லை.

1. அந்த இடத்திலேயே 'சரி' சொல்லாதீர்கள்

ஓனர் படியில் நின்று கேட்கும்போது மரியாதைக்காக "சரி சார், பார்க்கிறோம்" என்று சொல்வது நம் வழக்கம். அதுவே பிறகு "அவங்களே ஒத்துக்கிட்டாங்க" என்று மாறும். "அக்ரிமென்ட் பார்த்துட்டு எழுத்துல பதில் சொல்றேன் சார்" என்று சொன்னால் போதும். குரல் உயர வேண்டாம், சட்டம் பேசவும் வேண்டாம்.

எந்தத் தாளிலும் கையெழுத்துப் போடாதீர்கள். "சும்மா ஒரு ஃபார்மாலிட்டி" என்று புரோக்கர் நீட்டும் தாளில் "இந்தத் தேதிக்குள் காலி செய்யச் சம்மதிக்கிறேன்" என்று இருக்கலாம். புதிய அக்ரிமென்ட் போடலாம் என்று சொல்லி, முந்தைய தேதியிட்டுக் குறைந்த காலத்துக்குக் கையெழுத்துக் கேட்பதும் உண்டு. படிக்காமல் பேனாவைத் தொடாதீர்கள். வீட்டில் பெரியவர்கள் இருந்தால் அவர்களிடமும் இதைச் சொல்லி வையுங்கள். நீங்கள் வேலைக்குப் போயிருக்கும் நேரம் பார்த்து அவர்களிடம் வாங்கிவிடுவார்கள்.

அன்று இரவே ஒரு நோட்டில் தேதி, நேரம், யார் சொன்னது, என்ன சொன்னார், யார் பக்கத்தில் இருந்தார்கள் என்று எழுதிவிடுங்கள். இனி நடக்கும் ஒவ்வொன்றுக்கும் இதே நோட்டு.

2. அக்ரிமென்ட்டை எடுத்து வரி வரியாகப் படியுங்கள்

கையெழுத்துப் போட்ட நாளுக்குப் பிறகு அதை யாரும் எடுத்துப் பார்ப்பதில்லை. இப்போது பார்க்க வேண்டியவை: ஒப்பந்தம் தொடங்கும் தேதி, முடியும் தேதி, வாடகை எந்தத் தேதிக்குள், எந்த வழியில், வாடகை உயர்வு எப்போது, எவ்வளவு, முன்னறிவிப்புக் காலம், அட்வான்ஸ் தொகை, அதில் எதையெல்லாம் பிடிக்கலாம்.

முன்னறிவிப்பு வரியில்தான் பலர் சிக்குகிறார்கள். "இரு தரப்பினரும் 2 மாத முன்னறிவிப்புக் கொடுத்து ஒப்பந்தத்தை முடித்துக்கொள்ளலாம்" என்று பெரும்பாலான அக்ரிமென்ட்டுகளில் இருக்கும். அது இருந்தால், இடையிலேயே ஒப்பந்தத்தை முடிக்க ஓனருக்கு ஒரு வாசல் திறந்திருக்கிறது என்பதை ஒப்புக்கொண்டுதான் யோசிக்க வேண்டும். ஆனால் அந்த அறிவிப்பு எழுத்தில் வர வேண்டும், சொன்ன காலம் முழுக்க ஓட வேண்டும். வாட்ஸ்அப்பில் வந்த "வெகேட் ப்ளீஸ்" அதற்கு ஈடாகாது என்றுதான் நீங்கள் பதில் எழுத வேண்டும். அறிவிப்பு முறையாக வந்து, காலமும் முடிந்து, நீங்கள் போகவில்லை என்றாலும் ஓனர் தானே வெளியேற்ற முடியாது. இந்தச் சட்டப்படி வாடகை வழக்குகளை விசாரிக்கும் ரெண்ட் கோர்ட்டுக்குத்தான் போக வேண்டும். அதே நேரம், ஒப்பந்தம் உண்மையிலேயே முடிந்துபோன பிறகு தங்கினால் மாத வாடகையில் இரண்டு மடங்கு இழப்பீடு கேட்க அவருக்குச் சட்டம் இடம் தருகிறது. ஆகவே இந்த வரி உங்கள் அக்ரிமென்ட்டில் இருந்தால் 10-ஆம் படியை முதலில் படியுங்கள்.

அப்படி ஒரு வரி இல்லை, அல்லது குத்தகைதாரருக்கு மட்டும் இருக்கிறது என்றால் உங்கள் நிலை வலுவானது.

3. பதிவு எண் இருக்கிறதா என்று பாருங்கள்

"11 மாசம்தானே, பதிவு தேவையில்லை." எல்லா வீட்டுப் புரோக்கரும் சொல்வது இதுதான். சார்பதிவாளர் அலுவலகப் பதிவைப் பொறுத்தவரை அது சரி. ஆனால் 2017 சட்டம் கேட்பது வேறு பதிவு. ஒப்பந்தக் காலம் எவ்வளவு குறைவாக இருந்தாலும், கையெழுத்தான 90 நாட்களுக்குள் வாடகை அதிகார அமைப்பிடம் அதைப் பதிவு செய்ய வேண்டும். துணை ஆட்சியர் நிலைக்குக் குறையாத அதிகாரி ஒருவர் இந்தப் பொறுப்பில் இருப்பார். பதிவுக்கென்று டெனன்சி டாட் டிஎன் டாட் கவ் டாட் இன் என்ற அரசு இணையதளம் இருக்கிறது.

ஓனர்தான் செய்ய வேண்டும் என்றில்லை, குடியிருப்பவரும் விண்ணப்பிக்கலாம். இரு தரப்பின் பெயர், முகவரி, பான், ஆதார் விவரம், வீட்டின் விவரம், வாடகை, குடியேறிய தேதி, ஒப்பந்த நகல் ஆகியவை தேவை. ஓனரின் பான் எண்ணைச் சண்டை வந்த பிறகு கேட்டால் கிடைக்காது. வீடு பார்க்கும்போதே, அட்வான்ஸ் கொடுக்கும் முன் வாங்கிக்கொள்ளுங்கள். வருமான வரியில் வீட்டு வாடகைப் படி கழிக்க வேண்டும் என்று கேட்டால் பெரும்பாலும் கொடுத்துவிடுவார்கள்.

90 நாள் இன்னும் முடியவில்லை என்றால், இதைப் படித்து முடித்த கையோடு விண்ணப்பியுங்கள். பதிவு செய்யாத ஒப்பந்தத்தை ஆதாரமாக ஏற்க முடியாது என்று 4ஏ பிரிவு சொல்கிறது. நாளை நியாயம் கேட்டுப் போகும்போது "முதலில் பதிவு எண் கொடுங்கள்" என்பார்கள்.

பதிவே இல்லை, காலமும் கடந்துவிட்டது என்றால்? வாடகை கட்டிய வங்கிப் பதிவுகள், அந்த முகவரியில் உள்ள கேஸ் பில், ஆதார், பள்ளிச் சான்று எல்லாம் நீங்கள் அங்கே முறையாகக் குடியிருப்பதைக் காட்டும். அப்படிக் குடியிருப்பவரை, காகிதம் குறைவாக இருக்கிறது என்பதற்காக ஆள் வைத்து வெளியே தள்ள யாருக்கும் உரிமை இல்லை. ஆனால் இந்த நிலையில் இருப்பவர்கள் வக்கீலை முன்கூட்டியே பார்த்துவிடுவது நல்லது.

4. ஓனர் சொல்லும் காரணம் செல்லுமா?

ஒப்பந்தம் நடப்பில் இருக்கும்போது குடியிருப்பவரை வெளியேற்றக் கூடாது என்பதுதான் 21-ஆம் பிரிவின் தொடக்கம். அதே பிரிவு சொல்லும் சில காரணங்களுக்காக மட்டும் ஓனர் ரெண்ட் கோர்ட்டில் மனு போடலாம். வாடகை பாக்கி வைத்து, நோட்டீஸ் வந்தும் கட்டாதது. ஓனரின் எழுத்துச் சம்மதம் இல்லாமல் உள்வாடகைக்கு விட்டது. எச்சரித்த பிறகும் வீட்டைத் தவறாகப் பயன்படுத்துவது. ஆள் இருக்கும்போது செய்ய முடியாத பெரிய பழுதுவேலை அல்லது இடித்துக் கட்டுவது போன்றவை.

நடைமுறையில் காதில் விழும் காரணங்கள் வேறு.

"பையன் அமெரிக்காவில இருந்து வரான்." உண்மையாகவே இருக்கலாம். ஆனாலும் வாயால் சொன்னால் போதாது. உங்கள் சம்மதம் கிடைக்க வேண்டும், இல்லையென்றால் கோர்ட்டுக்குப் போக வேண்டும்.

"வீட்டை வித்துட்டேன்." விற்றால் புதிய உரிமையாளர் பழையவரின் இடத்துக்கு வருகிறார். சொத்து மாற்றச் சட்டத்தின் 109-ஆம் பிரிவு இதைத்தான் சொல்கிறது. உங்கள் ஒப்பந்தம் அவரையும் கட்டும். விற்பனைப் பத்திர நகலும், இனி வாடகையை யாருக்குக் கட்டுவது என்று பழைய ஓனரின் எழுத்தும் கேட்டு வாங்குங்கள். அட்வான்ஸ் பணம் கைமாறியதா என்பதையும் அந்தக் கடிதத்திலேயே எழுதச் சொல்லுங்கள். இதை விட்டவர்கள் கடைசியில் இரண்டு பேருக்கும் நடுவில் அலைகிறார்கள்.

"வாடகையை ஏத்தணும், இல்லைன்னா போங்க." ஒப்பந்தத்தில் உள்ளபடிதான் உயர்வு. நடுவில் ஏற்ற அவர் ஆசைப்படலாம், நீங்கள் மறுக்கலாம். மறுத்தது வெளியேற்றக் காரணம் ஆகாது.

5. எழுத்தில் பதில் அனுப்புங்கள்

வாய்ச்சண்டையில் ஜெயித்தாலும் ஃபைலில் ஒன்றும் இருக்காது. முதல் பதிலுக்கு வக்கீல்கூட வேண்டாம். நாங்கள் அனுப்பியது ஏறக்குறைய இப்படித்தான் இருந்தது:

"ஐயா, மேற்கண்ட முகவரியில் உள்ள முதல் மாடி வீட்டில், (தேதி) இட்ட வாடகை ஒப்பந்தப்படி குடியிருந்து வருகிறேன். ஒப்பந்தம் (தேதி) வரை நடைமுறையில் உள்ளது. (மாதம்) வரையிலான வாடகை பாக்கியின்றிச் செலுத்தப்பட்டுள்ளது. தாங்கள் (தேதி) அன்று வீட்டைக் காலி செய்யுமாறு வாய்மொழியாகக் கூறினீர்கள். ஒப்பந்தக் காலம் முடியாததாலும், நிபந்தனை எதையும் நான் மீறாததாலும், அதற்கு என்னால் சம்மதிக்க இயலவில்லை. சட்டப்படியான நடைமுறையைத் தவிர வேறு வழியில் என் குடியிருப்புக்கு இடையூறு செய்ய வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்."

அவ்வளவுதான். அவருடைய குணம், பழைய மனக்கசப்பு, அவர் வீட்டுப் பெண்கள் பேசியது எதுவும் இதில் வரக் கூடாது. நாளை ஒரு நீதிபதி படிக்கப்போகும் தாள் என்று நினைத்து எழுதுங்கள்.

தபாலில் அனுப்புங்கள். 2025-இல் பதிவுத் தபால் ஸ்பீடு போஸ்ட்டோடு இணைக்கப்பட்டுவிட்டது. கவுன்டரில் ஸ்பீடு போஸ்ட் என்று கேட்டு, சேர்ப்பித்ததற்கான சான்றும் வேண்டும் என்று சொல்லுங்கள். ஓனர் கீழ்வீட்டிலேயே இருந்தாலும் தபால்தான். ரசீதை அன்றே போட்டோ எடுத்து வையுங்கள். அந்த மை சில மாதங்களில் மங்கிவிடும். ஓனர் வாங்க மறுத்துத் திரும்பி வந்தால் உறையைப் பிரிக்காமல் அப்படியே வைத்திருங்கள். கடிதத்தின் படத்தை வாட்ஸ்அப்பிலும் அனுப்பிவிடுங்கள்.

6. வாடகையை ஒரு மாதம்கூட நிறுத்தாதீர்கள்

இந்தப் பட்டியலில் ஒன்றை மட்டும்தான் செய்ய முடியும் என்றால் இதைச் செய்யுங்கள். காலி பண்ண வைக்க நினைக்கும் ஓனர் முதலில் செய்வது வாடகையை வாங்க மறுப்பது. "நீங்கதான் போகப்போறீங்களே, வாடகை எதுக்கு, அட்வான்ஸ்ல கழிச்சிக்கலாம்" என்று அன்பாகவே சொல்வார். இரண்டு மாதம் போனதும் அதே ஆள் 'வாடகை பாக்கி' என்று நோட்டீஸ் அனுப்புவார். அதுவரை அவரிடம் இல்லாத காரணம் இப்போது கைக்கு வந்துவிட்டது.

ரொக்கமாகக் கொடுத்து வந்தவர்கள் இந்த மாதத்திலிருந்தே வங்கிக்கு மாறுங்கள். பணம் அனுப்பும்போது குறிப்பில் மாதத்தின் பெயரோடு 'வாடகை' என்று எழுதுங்கள். ஜிபேயில் அவர் உங்களைப் பிளாக் செய்யலாம். கணக்கு எண் இருந்தால் நெஃப்ட்டில் போட்டுவிடலாம். வந்த பணத்தைத் திருப்பி அனுப்பும் ஓனர்களும் உண்டு. அனுப்பியது, திரும்பியது இரண்டும் வங்கி அறிக்கையில் பதிவாகிவிடும். அந்தப் பணத்தைச் செலவழிக்காமல் தனியே வையுங்கள்.

வாங்கவே மாட்டேன் என்று நின்றால் சட்டம் வழி காட்டுகிறது. தபால் மணியார்டரில் தொடர்ந்து இரண்டு மாதம் அனுப்புங்கள். அதையும் மறுத்தால் வாடகை அதிகார அமைப்பிடமே வாடகையைச் செலுத்தலாம் என்கிறது 14-ஆம் பிரிவு. மணியார்டருக்குச் செலவு உண்டு: ஒரு மணியார்டரில் 5,000 ரூபாய் வரைதான் அனுப்பலாம், கமிஷன் 20 ரூபாய்க்கு 1 ரூபாய். 15,000 ரூபாய் வாடகை என்றால் மூன்று மணியார்டர், 750 ரூபாய் கமிஷன். வலிக்கும், தெரியும். ஆனால் 'மறுக்கப்பட்டது' என்று தபால்காரர் எழுதித் திருப்பும் அந்தச் சீட்டுக்கு வேறு எந்த ஸ்கிரீன்ஷாட்டும் ஈடாகாது. பணம் திரும்பி வந்துவிடும், கமிஷன் மட்டும்தான் போகும்.

மின் கட்டணம், தண்ணீர்க் கட்டணம், பராமரிப்புத் தொகையிலும் பாக்கி வைக்காதீர்கள். வாடகை பாக்கி என்று நோட்டீஸ் வந்து, அதில் சிறு தொகை உண்மையிலேயே பாக்கி இருந்தால், வாதாடாமல் உடனே கட்டிவிட்டு அப்புறம் பதில் எழுதுங்கள்.

7. தண்ணீர், கரண்ட்டில் கை வைத்தால்

எங்கள் வீட்டில் மோட்டார் சுவிட்ச் கீழ்த்தளத்தில், ஓனர் வீட்டு வராந்தாவுக்குள் இருந்தது. காலை ஆறு மணிக்குக் கேட்கும் மோட்டார் சத்தம் ஒருநாள் கேட்கவில்லை. குழாயைத் திறந்தால் காற்று. கீழ்வீட்டில் மட்டும் தண்ணீர் வந்துகொண்டிருந்தது. கேட்டால் "மோட்டார் ரிப்பேர்" என்றார்கள். அடுத்த நாளும் அதே பதில்.

இதற்கு 20-ஆம் பிரிவு இருக்கிறது. தண்ணீர், மின்சாரம், மாடிப்படி விளக்கு, துப்புரவு, வண்டி நிறுத்துமிடம் போன்ற அத்தியாவசிய வசதிகளை ஓனர் நிறுத்தக் கூடாது. நிறுத்தினால் வாடகை அதிகார அமைப்பிடம் மனு கொடுக்கலாம். விசாரணை முடியும் முன்பே வசதியைத் திருப்பித் தரச் சொல்லி இடைக்கால உத்தரவு போட அந்த அமைப்பின் அதிகாரிக்கு அதிகாரம் உண்டு. உங்கள் பகுதிக்கு யார் என்று மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் கேட்டால் சொல்வார்கள்.

மனுவோடு ஆதாரம் வேண்டும். தேதி, நேரம் தெரியும்படி, குழாயில் தண்ணீர் வராததையும் அதே நேரத்தில் பக்கத்து வீட்டில் வருவதையும் ஒரே வீடியோவாக, நடுவில் நிறுத்தாமல் எடுங்கள். நாங்கள் மாடிக் குழாயில் தொடங்கி, படியிறங்கி, கீழே தோட்டத்துக் குழாய் வரை ஒரே ஓட்டத்தில் எடுத்தோம். வெட்டி ஒட்டியது என்று யாரும் சொல்ல முடியவில்லை. தண்ணீர் லாரிக்கோ கேனுக்கோ செலவழித்தால் பில்லை வாங்கி வையுங்கள். அந்தச் செலவை நீங்களாக வாடகையில் கழித்துவிடாதீர்கள், அது பாக்கியாகிவிடும். தனியே எழுதிக் கேளுங்கள்.

கரண்ட் போனால் முதலில் தெருவிலும் போயிருக்கிறதா என்று பாருங்கள். உங்கள் வீட்டுக்கு மட்டும் என்றால் மின்வாரியத்தின் மின்னகம் எண் 94987 94987-இல் புகார் பதிந்து, புகார் எண்ணை வாங்குங்கள். வாரியம் துண்டிக்கவில்லை, வீட்டுக்குள் யாரோ பீஸ் கேரியரைப் பிடுங்கியிருக்கிறார்கள் என்பதற்கு அதுவே சாட்சி. மீட்டர் பெட்டியை நீங்களே திறந்து வயரைத் தொடாதீர்கள். ஆபத்து, அதோடு "மின் திருட்டு" என்று புகார் கொடுக்க இடம் கொடுத்துவிடுவீர்கள்.

வீட்டைப் பார்க்க ஆள் கூட்டி வருவதும் ஒரு தொல்லை. புதுக் குடித்தனத்துக்குக் காட்டுகிறேன் என்று ஞாயிறு மத்தியானம் கதவைத் தட்டுவார்கள். 24 மணி நேரத்துக்கு முன் எழுத்தில் தெரிவித்து, காரணமும் சொல்லித்தான் ஓனர் உள்ளே வரலாம். வாட்ஸ்அப்பில் முன்கூட்டிச் சொல்லுங்கள் சார் என்று பணிவாகத் திருப்பி அனுப்பலாம்.

8. மிரட்டல், பூட்டு, ஆள் வருவது

"பொருளைத் தூக்கி வெளியே போட்டுடுவேன்" என்பது மிரட்டல். ஆட்களோடு உள்ளே நுழைவது அத்துமீறல். இரண்டும் குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவில் குற்றங்கள்: மிரட்டலுக்கு 351-ஆம் பிரிவு, அத்துமீறி நுழைவதற்கு 329-ஆம் பிரிவு. நடக்கும் நேரத்தில் 112-ஐ அழையுங்கள். பிறகு ஸ்டேஷனில் எழுத்துப் புகார் கொடுங்கள். இரண்டு நகல் கொண்டுபோய், ஒன்றில் முத்திரை வாங்குங்கள், அல்லது புகார் பெற்றதற்கு ஸ்டேஷனில் தரும் சி.எஸ்.ஆர். ரசீது கேளுங்கள்.

ஸ்டேஷனில் "இது சிவில் மேட்டர், கோர்ட்டுக்குப் போங்க" என்பார்கள். வாடகைப் பிரச்சினை என்று எழுதினால் அப்படித்தான் சொல்வார்கள். ஆகவே புகாரில் வாடகைக் கதையை ஒரு வரியில் முடித்துவிட்டு, யார், எந்த நேரத்தில், என்ன சொல்லி மிரட்டினார், எதை உடைத்தார் என்பதை மட்டும் எழுதுங்கள். வாங்க மறுத்தால் அதே புகாரைத் தபாலில் உயர் அதிகாரிக்கு அனுப்பலாம்; சென்னை என்றால் வேப்பேரியில் உள்ள ஆணையர் அலுவலகம். இன்னொன்று: போலீஸ் உங்களைக் கூப்பிட்டு "இத்தனை நாளில் காலி பண்ணிடறேன்னு எழுதிக் கொடுங்க" என்றால் எழுதாதீர்கள். காலி செய்ய வைக்கும் அதிகாரம் ஸ்டேஷனுக்கு இல்லை. "வக்கீலைக் கேட்டுச் சொல்றேன் சார்" என்று சொல்லிவிட்டு வாருங்கள்.

வெளியே போன நேரத்தில் பூட்டை மாற்றிவிட்டால் நீங்கள் உடைத்துத் திறக்க வேண்டாம். வீடியோ, 112, புகார் என்ற வரிசையில் செய்துவிட்டு, அன்றே வக்கீலைப் பாருங்கள். சட்டப்படி அல்லாமல் வெளியேற்றப்பட்டவர், குறிப்பிட்ட நிவாரணச் சட்டத்தின் (ஸ்பெசிஃபிக் ரிலீஃப் ஆக்ட்) 6-ஆம் பிரிவில் வீட்டைத் திரும்பக் கேட்டு வழக்குப் போடலாம். வெளியேற்றிய நாளிலிருந்து 6 மாதத்துக்குள் போட்டாக வேண்டும். பேச்சுவார்த்தையில் அந்த மாதங்களைக் கரைத்துவிடாதீர்கள்.

பாஸ்போர்ட், சான்றிதழ், நகை, மருந்துச் சீட்டு, அக்ரிமென்ட் அசல் ஆகியவற்றைப் பிரச்சினை தொடங்கியதுமே நம்பிக்கையான உறவினர் வீட்டுக்கு மாற்றுங்கள். பதிவு செய்த ஆடியோ, வீடியோ எல்லாம் எடுத்த போனிலேயே இருக்கட்டும். கோர்ட்டில் மின்னணு ஆதாரத்துக்குச் சான்றிதழ் கேட்பார்கள். போனை மாற்றிவிட்டால் சிக்கல்.

9. வக்கீல் நோட்டீஸோ சம்மனோ வந்தால்

நோட்டீஸ் என்பது ஓனர் காசு கொடுத்து ஒரு வக்கீலை எழுத வைத்த கடிதம். அதுவே உத்தரவு ஆகிவிடாது. ஆனால் பதில் போடாமல் விட்டால் அதில் சொன்னதை ஒப்புக்கொண்டது போலத் தோன்றும். வழக்கமாக 15 நாள் கெடு போட்டிருப்பார்கள், அதற்குள் பதில் போய்விட வேண்டும். பதில் நோட்டீஸுக்கு எங்களிடம் 3,500 ரூபாய் வாங்கினார்கள். ஊருக்கும் ஆளுக்கும் ஏற்ப மாறும், முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள். வாடகை வழக்கு நடத்திப் பழகியவரா என்று கேட்டுப் பாருங்கள். குடும்ப நண்பரான வக்கீலுக்கு இந்தப் புதிய சட்டம் பழக்கமில்லாமல் இருக்கலாம்.

பணம் இல்லையென்றால் மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் உள்ள சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள். பெண்கள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகளுக்கு வருமானம் எவ்வளவு என்று பார்க்காமல் இலவச வக்கீல் உண்டு. மற்றவர்களுக்கு வருமான வரம்பு உண்டு. உதவி எண் 15100.

ஓனர் உங்களுக்குத் தெரியாமல் சிவில் கோர்ட்டில் இடைக்கால உத்தரவு வாங்கிவிடுவார் என்ற சந்தேகம் இருந்தால் வக்கீலிடம் கேவியட் மனு பற்றிக் கேளுங்கள். போட்டால் 90 நாள் செல்லும். அந்தக் காலத்தில் உங்களுக்குத் தெரிவிக்காமல் உத்தரவு கேட்க முடியாது.

கோர்ட் சம்மன் வந்தால் வாங்கிக்கொள்ளுங்கள். கதவைத் திறக்காமல் இருந்தால் தப்பித்துவிடலாம் என்று நினைப்பவர்களுக்குத்தான் ஒருதலைப்பட்சமாகத் தீர்ப்பு வருகிறது. வழக்கு உண்டா என்று ஈ-கோர்ட்ஸ் செயலியில் உங்கள் பெயரைப் போட்டு நீங்களே தேடலாம், கட்டணம் இல்லை. தீர்ப்பு எதிராக வந்தால் வாடகைத் தீர்ப்பாயத்தில் மேல்முறையீடு உண்டு. கெடு குறைவு என்பதால் தீர்ப்பு நகலுக்கு அன்றே விண்ணப்பியுங்கள்.

10. போய்விடலாம் என்று நீங்களே முடிவெடுத்தால்

தினமும் முகம் பார்க்க வேண்டிய ஓனரோடு சண்டை போட்டுக்கொண்டு வாழ எல்லோராலும் முடியாது. கைக்குழந்தையும் வயதான பெற்றோரும் இருக்கும் வீட்டில் அது இன்னும் கடினம். போவது தோல்வி இல்லை. ஆனால் உரிமையை விட்டுக்கொடுக்கிறீர்கள், அதற்கு ஈடு கேளுங்கள். முன்கூட்டியே காலி செய்யச் சொல்வது அவர் என்பதால், வண்டிச் செலவு, புதிய வீட்டுப் புரோக்கர் கமிஷன், கடைசி மாத வாடகைத் தள்ளுபடி ஆகியவற்றைக் கேட்பதில் தவறே இல்லை. பாதி ஓனர்கள் ஏதோ ஒன்றுக்கு இறங்கி வருவார்கள், குறிப்பாக உங்கள் காகிதங்கள் சரியாக இருப்பதைப் பார்த்த பிறகு.

பேசி முடித்ததை எழுதிக் கையெழுத்து வாங்குங்கள்: எந்தத் தேதியில் காலி, எவ்வளவு அட்வான்ஸ், எப்போது, எந்த வழியில், பெயிண்டிங்குக்கு எவ்வளவு கழிப்பு. அக்ரிமென்ட்டில் இல்லாத பெயிண்டிங் கழிப்பை இந்த இடத்தில் மறுத்துவிடுங்கள். சாவி கைமாறிய பிறகு பேச முடியாது. வீட்டைக் காலி செய்த ஒரு மாதத்துக்குள், நியாயமான கழிப்பு போக மீதி அட்வான்ஸைத் தர வேண்டும் என்பது சட்டம். ஆனால் புதிய வீட்டுக்கு அந்தப் பணம்தான் போக வேண்டியிருக்கும், ஆகவே சாவி கொடுக்கும் நாளிலேயே தருவதாகப் பேசுங்கள். முடிந்தால் பாதியை ஒரு வாரம் முன்பே வாங்கிவிடுங்கள்.

கடைசி நாளில் ஒவ்வொரு அறையையும், குழாய், சுவிட்ச், கண்ணாடி எல்லாம் தெரியும்படி பகல் வெளிச்சத்தில் வீடியோ எடுங்கள். மின் மீட்டர் ரீடிங்கைப் படம் பிடித்து, அந்த அளவு வரை கணக்குப் போட்டு ஓனருக்கு அனுப்பிவிடுங்கள். 'இன்று சாவி பெற்றுக்கொண்டேன், பாக்கி ஏதும் இல்லை, மீதி அட்வான்ஸ் இவ்வளவு' என்று ஒரு தாளில் கையெழுத்து வாங்கிய பிறகு சாவியைக் கொடுங்கள். வாட்ச்மேனிடமோ புரோக்கரிடமோ கொடுக்காதீர்கள். அட்வான்ஸ் முழுதாகக் கணக்கில் ஏறும்வரை இதுவரை சேர்த்த ஃபைலை எதையும் கிழிக்காமல் வைத்திருங்கள். புதிய முகவரியைத் தபாலில் ஓனருக்குத் தெரிவித்து, அந்த ரசீதையும் அதிலேயே சேர்த்துவிடுங்கள். பழைய முகவரிக்கு நோட்டீஸ் அனுப்பிவிட்டு உங்களுக்குக் கிடைத்ததாக யாரும் சொல்ல முடியாது.